பணிவுடன் இறங்கவும்

சூர்யகலாவின் மகள் ரோஜா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா, அம்புட்டுப் பெரிய ப்ளேனே நீ சொன்னாக் கேக்குதுங்கிற. அப்புறம் ஏன் நீ மட்டும் பின்னாடி ஏணியில ஏறிப் போற?"

பிள்ளை பஸ்சு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறது. முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டுக் கோபுரம் தெரியும். முன்பக்கத்தில் சிமெண்டுப் படி, பித்தளைக் கைப்பிடி, இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி. பின்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுவதற்கு வைப்பது போல ஓர் இரும்பு ஏணி. சூர்யகலா சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஏணியில்தான் ஏறுவாள்.

"முன்படி சீருடைக்காரங்களுக்கு ஆத்தா."

"அதுல யாருமே ஏறலையே."

பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை. ஒரு பெரிய நிறுவனம் காலங்காலமாகப் பாடுபட்டு மறைத்து வைத்திருப்பதைப் பஸ்சு போகிற போக்கில் பார்த்துவிடுகிறார்கள்.

அந்த ராணுவ விமானத் தளம் போடிக்கும் தேவாரத்துக்கும் இடையில், மலை இறங்கி முடிகிற கரட்டுக்காட்டில் இருந்தது. சூர்யகலா ராணுவத்தாள் அல்ல. ராசிங்காபுரத்தில் தக்காளியும் வெங்காயமும் போட்ட குடும்பத்தில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆனவள். எந்த விமானம் இறங்கலாம், எது ஏறலாம், எது காத்திருக்கவேண்டும் என்று கோபுரத்திலிருந்து ரேடியோவில் சொல்கிற வேலை. தளத்தில் அந்த வேலைக்குச் சீருடை ஆள் போதாததால் அரசாங்கம் இவளை இரவல் கொடுத்திருந்தது. இரவல் வாங்கிய ஏணியை யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை. வேலை முடியும்வரை வெளிச்சுவரில் சாய்த்து வைப்பார்கள். தளமும் அவளை அப்படித்தான் வைத்திருந்தது.

கோபுரத்து உச்சியில் கண்ணாடி அறை. அதில் உயரமான ஒரு சுழல் நாற்காலி. அது கடமை அதிகாரியுடையது. ராணுவ விமானத்தை ஒரு சிவிலியன் தனியாக வழிநடத்தக் கூடாது, சீருடை அதிகாரி ஒருவர் உட்கார்ந்து மேற்பார்க்க வேண்டும் என்பது விதி. அதிகாரிக்கோ மெஸ்ஸில் சோலி, டென்னிஸ் மைதானத்தில் சோலி. ஆகவே காலையில் ஒரு சிப்பாய் அவருடைய தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நாற்காலியில் வைப்பான். தொப்பி இருந்தால் அதிகாரி இருப்பதாகப் பொருள். சூர்யகலா நின்றுகொண்டே விமானங்களை இறக்குவாள், ஏற்றுவாள். தொப்பி மேற்பார்க்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கால் கடுத்துப்போய், தொப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாரண்ட் ஆபீசர் ஈஸ்வரன் உள்ளே வந்தார். தளத்தின் அன்றாட வேலைகளையெல்லாம் ஓட்டுகிறவர் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் நல்லவராக நடந்துகொள்ளும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு எதுவும் வராததால் பொதுவாக நடந்துகொள்வதில்லை.

"மேடம்! ஆபீசரத் தூக்கி மேசையில வச்சிருக்கீங்க!"

"அண்ணே, அது தொப்பிண்ணே."

"நீங்க சொல்றீங்க தொப்பின்னு. ரிக்கார்டுல அது ஆபீசர்."

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு டெலிபோன் இருந்தது. அதுவும் அதிகாரியுடையது. அதை ஒருமுறை எடுத்ததற்கும் அவளுக்கு எச்சரிக்கை கிடைத்தது. அதன்பிறகு அது அடித்தால் அடித்து ஓயும்வரை சூர்யகலா கைகட்டி நிற்பாள். கல்லில் சாமி இருக்கிறதென்று நம்புகிறவள்தான் அவளும். கடைசி விமானம் இறங்கியதும் மலையைப் பார்த்துக் கைகூப்பி, "முருகா, எறங்குனதெல்லாம் முழுசா எறங்குச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். ஆனால் கல்லுக்குள் இருக்கும் சாமி மாதக் கடைசியில் சம்பளம் வாங்குவதில்லை.

இப்படியே போயிருந்தால் கால்வலியோடு முடிந்திருக்கும். ஒருநாள் காலை நிலையத் தளபதி மகாராஜன் தானே ஒரு விமானத்தை ஓட்டிக்கொண்டு ஓடுபாதை முனைக்கு வந்தார். அதே நேரம் அந்தப் பக்கத்து முனையில், செத்த நாய் ஒன்றின் மேல் பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. சூர்யகலா ரேடியோவில் "நில்லுங்கள்" என்றாள். ரேடியோவில் எல்லாமே இங்கிலீஷில்தான் நடக்கும். கதைக்குத் தமிழ் போதும். மகாராஜன் நின்றார். பருந்துகள் கலைந்ததும் பறந்தார். இறங்கியதும் நேரே கோபுரத்துக்கு வந்தார். முன்படியில் ஓர் அதிகாரி ஏறியதை அன்றுதான் சூர்யகலா முதல்முறையாகப் பார்த்தாள்.

"மிஸஸ் சூர்யகலா, என்னை நிக்கச் சொன்னீங்க."

"பருந்துக் கூட்டம் சார். இஞ்சின்ல போயிருந்தா…"

"பருந்து இருக்கட்டும். பருந்து வரும், போகும். ரேடியோவில எனக்குக் கீழ இருக்கிற அத்தனை பேரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. ஒரு சிவிலியன் நில்லுங்கிறா, நான் நிக்கறேன். என் சம்சாரம் சொல்லிக்கூட நான் நின்னதில்லை. ஒரு படை எதுல இருக்குன்னு நினைக்கறீங்க? விமானத்துலயா? விமானத்தை வாங்கிக்கலாம். யாரு யாரை நில்லுன்னு சொல்லலாம்கிறதுலதான் படையே இருக்கு."

மறுநாளே வானொலி மரியாதை ஆணை வந்தது. அதன்படி சிவிலியன் ஒருவர் விமானிக்கு உத்தரவிடக் கூடாது, வேண்டிக்கொள்ள வேண்டும். வேண்டுதலின் நீளம் பதவியைப் பொறுத்தது. இளநிலை அதிகாரி என்றால் "இறங்கலாம்" போதும். அதற்கு மேலே "இறங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." நிலையத் தளபதிக்கு, "தங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் இறங்கும்படி பணிவுடனும் வணக்கத்துடனும் கேட்டுக்கொள்கிறேன்." மண்டலத் தளபதி எப்போதாவது வந்தால், "தங்கள் வருகையால் இந்த ஓடுபாதை பெருமை கொள்கிறது. தங்கள் உள்ளத்துக்கு உகந்தது என்றால்…" என்று தொடங்கி அரைப்பக்கம் போகும்.

"சார், இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள விமானம் எறங்கி ஷெட்டுக்கே போயிரும்" என்றாள் சூர்யகலா.

"அப்ப முன்கூட்டியே ஆரம்பிங்க. மரியாதைக்கு நேரம் ஒதுக்கறதுதான் மரியாதை."

"எறங்க வேணாம், திரும்பி மேலே ஏறுங்கன்னு மண்டலத் தளபதிக்குச் சொல்ல வேண்டி வந்தா? அதுக்கு வாசகமே இல்லையே சார்."

மகாராஜன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மண்டலத் தளபதியத் திருப்பி அனுப்பற நிலைமை வராது மிஸஸ் சூர்யகலா. வரக்கூடாததுக்கு எதுக்கு வாசகம்?"

சித்திரை மாதக் கடைசியில் மண்டலத் தளபதி வருவதாகத் தகவல் வந்தது. கோடை. ஓடுபாதையின் இருபுறமும் புல் காய்ந்து, எருமைகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும் நிலையில் இருந்தது. மண்டலத் தளபதிக்குப் பசுமை பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். மழைக்கு உத்தரவு போட மகாராஜனுக்கு அதிகாரம் இல்லை. புல்லுக்கு இருந்தது.

ஈஸ்வரன் போடி பஜாரில் அலைந்து ஒரு பச்சைச் சாயம் பிடித்தார். அது வழக்கமாக எதற்கு ஆகிறது என்று கடைக்காரர் சொல்லவில்லை. ஏலக்காய் வியாபாரிகள் இரண்டு பேர் மட்டும் அந்த டின்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கழுவினால் போகாது என்பது உத்தரவாதம்.

சாயம் அடிக்க, புல் வெட்டுகிற ஒப்பந்தப் பெண்களையே விட்டார்கள். அவர்களில் அய்யம்மாள் மூத்தவள். இளவயது முழுக்க ஜீப்பில் போடிமெட்டு ஏறிப்போய் ஏலக்காய் பறித்தவள். முழங்கால் தேய்ந்து சரிவில் நிற்க முடியாமல் போனபிறகு, சமதளத்தில் ஒரு சோலி கிடைத்ததே என்று இங்கே வந்தாள். வெயில் தாங்காத நேரத்தில் அந்தப் பெண்களைச் சூர்யகலா கோபுரத்தின் பின்பக்க நிழலுக்கு வந்து உட்காரச் சொல்வாள். முன்பக்க நிழல் சீருடைக்கு. அய்யம்மாள் ஏணியடியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏ பிள்ளே, மேலருந்து பாத்தா எப்படி இருக்கு? மழை பேஞ்ச மாதிரி இருக்கா?"

"ஆடு ஏமாந்துரும்க்கா."

"அப்ப ஆபீசரும் ஏமாந்துருவாரு, விடு."

வருகைக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. விமானம் கிடைக்காததால் ஒரு ஜீப்பு மண்டலத் தளபதியின் விமானமாக நடித்தது. அது ஓடுபாதை முனையில் வந்து நின்று விளக்கைப் போட்டதும், ஜீப்புக்குத் தன் வருகையால் ஓடுபாதை பெருமை கொள்வதைச் சூர்யகலா ரேடியோவில் அறிவித்தாள். பேண்டு வாசித்தார்கள். ஜீப்பு வேகமாக ஓடி மேடைக்கு முன்னால் இறங்கியது. ஜீப்பிலிருந்து இறங்கிய டிரைவருக்கு மகாராஜன் சல்யூட் அடித்தார். டிரைவர் பாவம், பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டான். அதற்காக அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

வருகை நாளன்று மண்டலத் தளபதி குறித்த நேரத்துக்கு வெகுமுன்னாலேயே வந்துவிட்டார். அவர் வருகிற நேரம்தான் குறித்த நேரம் என்பதால் இதைத் தவறென்று சொல்ல முடியாது. தானே விமானத்தை ஓட்டி வந்தார். மலைப்பக்கத்தில் விமானம் புள்ளியாகத் தெரிந்ததும் தளமே விறைத்து நின்றது. மேடையில் நின்ற மகாராஜன் கடைசியாக ஒருமுறை தூரக்கண்ணாடியால் ஓடுபாதையைப் பார்த்தார். பார்த்தவர் வெளுத்துப்போனார்.

கறுப்பு ஓடுபாதையின் நடுவில், வெள்ளைக் கோட்டைத் தாண்டிக்கொண்டு, பச்சைக் கால்தடங்கள் வரிசையாகப் போயின. ஒரு பக்கத்துப் புல்லுக்குச் சாயம் அடித்துவிட்டு மறுபக்கத்துக்குக் குறுக்கே நடந்திருக்கிறார்கள்.

"வாரண்ட் ஆபீசர்! ஓடுபாதையில கால்! அதுவும் செருப்பு இல்லாத கால்!"

ஈஸ்வரன் ஓடினார். கைக்கு அருகில் இருந்தது அய்யம்மாள். "யக்கா, வெரசாப் போயி அதத் தொடச்சிட்டு ஓடியாங்க" என்று மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் திணித்தார். திணித்துவிட்டு, ஓடுபாதையில் ஆள் இருந்தால் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி நினைவுக்கு வர, கடமை அதிகாரிக்கு டெலிபோன் போட்டார்.

கோபுரத்தில் சிவப்பு டெலிபோன் அடித்தது. சூர்யகலா அதைப் பார்த்தாள். அது தொப்பிக்கு வந்த அழைப்பு. அவள் ரேடியோவை எடுத்து வேண்டுதலைத் தொடங்கியிருந்தாள். நடுவில் நிறுத்தக் கூடாது. டெலிபோன் அடித்து ஓய்ந்தது. தகவல் தரப்பட்டதாக ஈஸ்வரன் எடுத்துக்கொண்டார்.

"தங்கள் வருகையால் இந்த ஓடுபாதை பெருமை கொள்கிறது. தங்கள் உள்ளத்துக்கு உகந்தது என்றால், இந்த எளிய தளத்தில்…"

அப்போதுதான் கண்ணாடி வழியே ஓடுபாதையை மறுபடி பார்த்தாள். விமானம் இறங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. எந்த ஆணையிலும் இல்லாதது. வெள்ளைக் கோட்டின் மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பிளாஸ்டிக் பை என்று நினைத்தாள். பை அசைந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, விமானம் வருகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெண் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டிப்பானை தேய்க்கிற அதே கவனத்தோடு தேய்த்தாள்.

"கோ அரவுண்ட்! கோ அரவுண்ட்!" என்று கத்தினாள் சூர்யகலா. இறங்காதே, மேலே ஏறு என்பது அதன் பொருள். "ஏறு! ஏறு! மேல ஏறு!"

கடைசி மூன்றும் தமிழ். மண்டலத் தளபதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏறினார். அவர் விமானி ஆன காலத்தில், தளபதி ஆவதற்கு முன்னால், அந்தக் குரலுக்கு உடனே கையை அசைக்கத்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சக்கரங்கள் அய்யம்மாளின் தலைக்கு மேலே போயின. அவள் தரையோடு தரையாகக் கவிழ்ந்தாள். விமானம் இறங்கிவிட்டதென்று நினைத்துப் பேண்டு வாசிக்கத் தொடங்கி, நடுவில் நின்றுபோனது.

ரேடியோவில் மண்டலத் தளபதி கேட்டார்: "காரணம்?"

"ஒரு அம்மா உக்காந்திருக்காங்க சார்" என்றாள் சூர்யகலா. தளம் முழுக்கக் கேட்டது.

யாரோ ஒரு சிப்பாய் ஓடி அய்யம்மாளை இழுத்துப்போனான். விமானம் வட்டமடித்து வந்தது. சூர்யகலா வேண்டுதலை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தமுறை ஓடுபாதை முழுவதுமாகப் பெருமை கொண்டது. மண்டலத் தளபதி இறங்கினார், மரியாதையை ஏற்றார், சாப்பிட்டார். புல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை வைத்தார்கள். ஓர் உயிர் போகப் பார்த்ததைப் பற்றி அல்ல. மண்டலத் தளபதிக்கு வாசகம் இல்லாமல், "சார்" இல்லாமல், கத்தி உத்தரவிட்டதைப் பற்றி. காரணமில்லாமல் திருப்பி அனுப்பியதாக முடிவானால் சூர்யகலாவின் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் நாட்டில் எந்தக் கோபுரத்திலும் அவள் மறுபடி நிற்க முடியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஈஸ்வரன் கோபுரத்துக்கு வந்தார். பின்ஏணி வழியாக, மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"மேடம், அந்தம்மா பேரச் சொல்லிராதீங்க. ராணுவ எடத்துல அத்துமீறி நொழைஞ்சதுன்னு போலீசு கேசு ஆயிரும். பாவம், வயசாளி."

"அவங்கள நீங்கதானண்ணே அனுப்புனீங்க?"

ஈஸ்வரன் ஏணியைப் பார்த்தார். "அத நான் சொன்னா எனக்குப் பென்சன் போயிரும் மேடம். வைகாசியில மகளுக்குக் கல்யாணம்."

ஏறி வந்த சிரமத்தோடு பார்த்தால் அவரிடமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

தன் தளத்தில் நடந்ததைத் தானே விசாரிப்பதுதான் முறை என்று மகாராஜன் கருதினார். வெளியாள் வந்தால் விவரம் தெரியாமல் உண்மையைக் கண்டுபிடித்துவிடக்கூடும். அவருடைய அலுவலகத்திலேயே விசாரணை; அங்கேயும் முன்படி சீருடைக்கு மட்டும். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு இளைய அதிகாரிகள். முதல் சாட்சியாகக் கடமை அதிகாரி வந்தார். தொப்பியைத் தலையில் வைத்திருந்தார்.

"சம்பவ நேரத்தில நீங்க கோபுரத்தில இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணும் பார்க்கலை சார்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று சூர்யகலாவுக்குத் தோன்றியது. பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

"மண்டலத் தளபதிகிட்ட 'சார்'கூட இல்லாம கத்தினீங்களா?"

"சார் சொல்ல நேரமில்ல சார்."

"இப்ப மட்டும் சொல்றீங்களே."

"இப்ப ஓடுபாதையில யாரும் இல்ல சார்."

மகாராஜன் எழுந்து நின்றார். முக்கியமானதைச் சொல்லும்போது நின்றுதான் சொல்வார். "அன்னைக்கு மட்டும் யார் இருந்தா? ஓடுபாதைக்குள்ள ஆள் போகணும்னா அனுமதி வேணும். அனுமதி நான் குடுக்கணும். நான் குடுக்கலை. அப்ப அங்க ஆள் எப்படி இருக்க முடியும்? நான் குடுக்காமலே இந்தத் தளத்தில ஒரு ஆள் இருக்க முடியும்னா, அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

மறுபடி உட்கார்ந்து சூர்யகலாவிடம் கேட்டார்.

"யாரைப் பார்த்தீங்க? பேர் சொல்லுங்க."

"ஒரு மனுசியப் பாத்தேன் சார். பேரு சொல்லமாட்டேன்."

"சொல்லலைன்னா இல்லைன்னுதான் அர்த்தம். லைசென்ஸை மேசையில வைங்க."

அவள் கைப்பையைத் திறந்தபோது வெளியே காவல்காரன் சத்தம் போட்டது கேட்டது. "ஏம்மா, முன்படியில ஏறக்கூடாதும்மா!"

"தம்பி, கைய எடு. எம் மகன் வயசுகூட ஒனக்கு இல்ல."

அய்யம்மாள் உள்ளே வந்தாள். துவைத்த சேலை, நெற்றியில் திருநீறு, செருப்பில்லாத கால். யார் பெரியவர் என்று தெரியாமல் மூன்று அதிகாரிகளுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள். பிறகு, காலில் தைத்த முள்ளைக் காட்டுவதுபோல, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். இளம் வாழையிலை போலப் பச்சையாக இருந்தது.

"நாந்தேன் சாமி அங்கன உக்காந்திருந்தேன். இந்தாருங்க, மண்ணெண்ண போட்டுத் தேச்சும் போகல. இந்தப் பிள்ள பேசுனது எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன். கேக்க வேண்டியது கேட்டு, மேல போயிருச்சு. இது மேல தப்புச் சொல்லாதீங்க."

"உங்களை அங்க யார் அனுப்பினது?"

கதவோரம் ஈஸ்வரன் நின்றிருந்தார். அய்யம்மாள் அவரைப் பார்த்தாள். வைகாசிக் கல்யாணத்துக்கு அவளையும்தான் வாய்வார்த்தையாகக் கூப்பிட்டிருந்தார்.

"யாரும் அனுப்பல சாமி. அழுக்காத் தெரிஞ்சுச்சு, தொடச்சேன்."

ஈஸ்வரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதிகாரிகள் தனியாகக் கூடிப் பேசினார்கள். சிக்கல் பெரிது. அந்த அம்மாள் இருந்தாள் என்றால் தளத்தின் பாதுகாப்பு ஓட்டை. அது மகாராஜன் தலையில் விடியும். இல்லை என்றால் மண்டலத் தளபதி ஒன்றுமே இல்லாத ஒன்றுக்குப் பயந்து திரும்பியவர் ஆவார். அதுவும் மகாராஜன் தலையில்தான் விடியும். கடைசியில் இளைய அதிகாரி ஒருவர் வழி கண்டுபிடித்தார். ஓடுபாதையில் கிடக்கக் கூடாமல் கிடக்கும் கல், ஆணி, பிளாஸ்டிக் பை, செத்த பறவை இவற்றையெல்லாம் விமானத் தளங்களில் அந்நியப் பொருள் என்பார்கள். அந்நியப் பொருளுக்கு அனுமதி தேவையில்லை. அதைப் பார்த்தால் விமானத்தைத் திருப்பலாம்.

மகாராஜன் தீர்ப்பைப் படித்தார். சம்பவ நாளன்று ஓடுபாதையில் ஓர் அந்நியப் பொருள் காணப்பட்டது. கட்டுப்பாட்டாளர் செயல் ஏற்கத்தக்கது. குரல் ஏற்கத்தக்கதல்ல, கண்டிக்கப்படுகிறது. இனிமேல் வேண்டுதலுக்கு விமானிகள் ரேடியோவில் காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் சிவிலியன்கள் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

அய்யம்மாளுக்கு ஒரு சந்தேகம். "அப்ப நான் யாரு சாமி?"

"நீங்க ஒரு பொருள்மா. பயப்படாதீங்க. பொருள் மேல கேஸ் போட முடியாது."

"நல்லதுங்க சாமி. நாளைக்கு வேலைக்கு வரட்டா?"

"பொருளை எப்படிம்மா வேலைக்கு வச்சுக்கறது?" என்றார் மகாராஜன், உண்மையான வருத்தத்துடன்.

வாசலுக்கு வெளியே, பஸ்சு நிற்கிற புளியமரத்தடியில் சூர்யகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குக்கா வந்தீக? நான் பேரே சொல்லலையே."

"சொல்லலேன்னு ஈஸ்வரந்தேன் வந்து சொன்னாப்ல. சொல்லிட்டு அழுதாப்ல. அதேன் வந்தேன்." அய்யம்மாள் சிரித்தாள். "நீ உசுரக் குடுத்த, நான் ஒஞ் சோலியத் திருப்பிக் குடுத்தேன். கணக்குப் பாத்தா நாந்தேன் இன்னமும் பாக்கி. விடு பிள்ளே. மலை இருக்கு. காய் இருக்கு."

பஸ்சு வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கணக்கு சூர்யகலாவுக்கு ஒத்துவரவில்லை. விமானத்தை மேலே ஏற்றியதற்கு அவளுக்குச் சம்பளம் உண்டு. அது அவளுடைய வேலை. அய்யம்மாள் அந்தப் படியேறி வந்ததற்கு யாரும் சம்பளம் தரவில்லை. இருந்த சம்பளமும் போயிற்று. சாமி முன்னால் நின்று எப்படிப் பார்த்தாலும் பாக்கி தன் பக்கம்தான் விழுந்தது. அரிசியும் ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யம்மாள் வீட்டுக்குப் போனாள். காபி போட்டுக் கொடுத்து, அரிசியையும் சேலையையும் அவள் பையிலேயே திருப்பி வைத்து அனுப்பிவிட்டாள் அய்யம்மாள்.

ஆடி மாதம். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறும் ஜீப்பு டிரைவர் சின்ராசுவைச் சூர்யகலா பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தாள். அய்யம்மாள் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"அத ஏன் கேக்கறீக. மனுசி நல்லாத்தேன் காய் எடுக்கும். ஆனா ஒங்க ப்ளேனு அந்தச் சரிவுக்கு மேல வருதுல்ல, அந்தச் சத்தம் கேட்டாப் போதும், கூடையப் போட்டுட்டு ஏலச்செடிக்குள்ள கவுந்து படுத்துக்கிரும். ஒடம்பு நடுங்குது. எந்திரிக்க வெகுநேரம் ஆகுது. பொம்பளைகளுக்குச் சிரிப்பு. சூப்பர்வைசர் இருக்கானே, 'எந்தா சேச்சி, உறங்ஙான் வந்ததா'ன்னு, தூங்கவா வந்தேன்னு மலையாளத்துல கேக்கறான். எடை கொறையுது, காசப் பிடிக்கறான். இப்படியே போனா இந்த மாசத்தோட நிறுத்திருவாங்க."

சூர்யகலா டீயைக் குடித்து முடிக்கவில்லை.

மறுநாள் காலை மேகம் கலைந்து மலை துலக்கமாக இருந்தது. வரைபடத்தை விரித்தாள். விமானங்கள் மேற்கே ஏறி, வழக்கமாக இடதுபக்கம் திரும்பித் தோட்டச் சரிவுகளின் மேல் போகும். வலதுபக்கம் திரும்பினால் மொட்டைப் பாறைகள். ஊர் இல்லை, தோட்டம் இல்லை, ஆளில்லை. உயரம் பார்த்தாள், காற்று பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். எந்தக் குறையும் இல்லை. கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

முதல் விமானம் ஓடுபாதை முனைக்கு வந்து நின்றது. ஓட்டுகிறவர் மகாராஜன்.

"தங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால்," என்று தொடங்கினாள் சூர்யகலா, அவசரமே இல்லாமல், "மேலே ஏறியதும் வலதுபக்கம் திரும்பிப் போகும்படி பணிவுடனும் வணக்கத்துடனும் கேட்டுக்கொள்கிறேன்."

காரணம் கேட்கக் கூடாது என்று ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அவரே. விமானம் ஓடி, எழும்பி, மலை முகட்டுக்கு நேரே போய், வலதுபக்கம் திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. அன்று ஏறியவை எல்லாமே திரும்பின. மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே அனுப்பினாள். வீட்டில்கூட அவள் சொல்லவில்லை.

இடதுபக்கத்துச் சரிவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தால் ஏலச்செடிகூடத் தெரியாது, வெறும் பச்சைதான் தெரியும். அந்தப் பச்சைக்கு மேலே வானத்தில் ஒரு சத்தமும் இல்லாததைச் சூர்யகலா ஒருகணம் பார்த்துவிட்டு, அடுத்த விமானத்தை அழைத்தாள்.